ஒரே பெயர், வேறு வேகம்: டப்பா இல்லாத கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன்

“அதே கார்டுதானுங்க, டப்பா மட்டுந்தான் இல்லீங்க.”

கோவை காந்திபுரத்திலோ பொள்ளாச்சியிலோ பழைய கம்ப்யூட்டர் உதிரிகள் விற்கும் கடையில் கிராபிக்ஸ் கார்டுக்கு விலை கேட்டால் இந்தப் பேச்சு காதில் விழும். கடைக்காரர் ஏமாற்றத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கார்டின் மேல் ஒட்டியிருக்கும் பெயரும், டப்பாவில் வரும் கார்டின் பெயரும் ஒன்றாகவே இருக்கும். அந்தப் பெயருக்குள் ஓடும் கிளாக் வேகமும் மெமரியும், சில சமயம் சிப்பும்கூட வேறாக இருக்கும். விலையை மட்டும் பெயரைப் பார்த்துப் போட்டுவிடுகிறார்கள்.

டெல், ஹெச்பி, லெனோவா போன்ற கம்பெனிகள் முழு கம்ப்யூட்டராக விற்கும்போது உள்ளே பொருத்தி அனுப்புவதை ஓஇஎம் கார்டு என்கிறோம். ஆசுஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட், சோட்டாக் பெயர்களில் தனி டப்பாவில் கடைக்கு வருவது ரீட்டெய்ல் கார்டு. ஐடி கம்பெனிகளில் லீஸ் முடிந்த சிஸ்டங்கள் மொத்தமாகக் கைமாறி, பிரிக்கப்பட்டு, ராம் தனியாக, ஹார்டு டிஸ்க் தனியாக, கிராபிக்ஸ் கார்டு தனியாக விற்பனைக்கு வருகின்றன. கிணத்துக்கடவில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்காரர், பொள்ளாச்சி ரோட்டு இன்ஜினியரிங் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள், மலுமிச்சம்பட்டி, குறிச்சி சிட்கோ பக்கம் பட்டறைக்கு டிசைன் போட்டுத் தருபவர்கள் என்று இதை வாங்குவோர் எல்லோருமே பணத்தை எண்ணிச் செலவு செய்பவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஓஇஎம் கார்டின் வேகத்தைக் குறைத்து வைப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. கம்பெனி சிஸ்டத்தின் கேபினெட் சிறியது, காற்றோட்டம் குறைவு. எஸ்எம்பிஎஸ் தேவைக்கு மட்டும் அளந்து வைத்தது. ஆபீஸில் ஃபேன் சத்தம் கேட்கக் கூடாது. மூன்று வருடம் வீட்டுக்கே வந்து சர்வீஸ் செய்வதாக வாக்குக் கொடுத்தவர்கள், கார்டு சூடாகிப் போய்விடக் கூடாது என்று பார்ப்பார்கள். ரீட்டெய்ல் கார்டு செய்பவர்களின் கணக்கு வேறு. பக்கத்து டப்பாவை விட 30 மெகாஹெர்ட்ஸ் கூடுதல் என்று அச்சிட்டால் அவர்களுக்கு விற்பனை.

ஆகவே ஓஇஎம் கார்டு மட்டமான சரக்கு என்று நான் சொல்ல மாட்டேன். அதை ஓஇஎம் என்று தெரிந்து, அதற்குரிய விலை கொடுத்து வாங்கினால் நல்ல வியாபாரம். தெரியாமல் ரீட்டெய்ல் விலை கொடுத்தால் அந்தக் காசு போனதுதான்.

செய்ய வேண்டியவை

பெயரைக் கேட்டபின் நான்கு எண்களையும் கேளுங்கள். கோர்கள் எத்தனை, கிளாக் வேகம் எவ்வளவு, மெமரி எந்த வகை, மெமரி பஸ் எத்தனை பிட். இந்த நான்கும் தெரியாமல் விலை பேச்சைத் தொடங்கவே வேண்டாம்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், 2012-இல் வந்த என்விடியா ஜிடி 640-ஐப் பாருங்கள். கடையில் டப்பாவில் விற்றது 384 கோர், 900 மெகாஹெர்ட்ஸ், டிடிஆர்3 மெமரி. அதே பெயரில் கம்பெனி சிஸ்டங்களுக்குப் போனவை மூன்று விதம். ஒன்று 384 கோர், 797 மெகாஹெர்ட்ஸ். இன்னொன்று 384 கோர், 950 மெகாஹெர்ட்ஸ், அதிலும் வேகமான ஜிடிடிஆர்5 மெமரி. மூன்றாவதில் இருந்தது முந்தைய தலைமுறைச் சிப், 144 கோர், 720 மெகாஹெர்ட்ஸ். பிறகு வேறொரு சிப்பை வைத்து 1046 மெகாஹெர்ட்ஸில் இன்னொரு ஜிடி 640-உம் கடைக்கு வந்தது. ஆக, ஒரே பெயரில் ஐந்து கார்டுகள். கடையில் விற்ற முதல் கார்டை விட ஒரு ஓஇஎம் கார்டு வேகமானது, மற்ற இரண்டும் மந்தமானவை. ‘ஓஇஎம் என்றாலே வேகம் குறைவு’ என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்தாலும் தவறு, ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று நம்பினாலும் தவறு.

கிளாக் வேகத்தைக் கோர் எண்ணிக்கையோடு சேர்த்தே பாருங்கள். அதே 2012-இல் வந்த ஜிடிஎக்ஸ் 660 இதற்கு நல்ல பாடம். ரீட்டெய்ல் கார்டில் 960 கோர், அடிப்படை கிளாக் 980 மெகாஹெர்ட்ஸ். ஓஇஎம் கார்டில் அது 823 மெகாஹெர்ட்ஸ்தான், 16 சதவீதம் குறைவு. கேட்டவுடன் இது வேண்டாம் என்று தோன்றும். ஆனால் அந்த ஓஇஎம் கார்டில் கோர்கள் 1152. கோரையும் வேகத்தையும் பெருக்கிப் பாருங்கள்: 960 பெருக்கல் 980 என்றால் 9,40,800. 1152 பெருக்கல் 823 என்றால் 9,48,096. காகிதத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். கோர்களைக் கூட்டி வேகத்தைக் குறைத்தால் சூட்டைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டே அதே வேலையை வாங்கலாம் என்பது இதிலுள்ள கணக்கு. ஒரே குடும்பத்துச் சிப்புகளுக்குள் மட்டுமே இந்தப் பெருக்கலை நம்பலாம். வேறு தலைமுறைச் சிப்போடு ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும்.

மெமரியின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். கடையில் யாரும் பேசாத விஷயம் இதுதான், பணம் அதிகம் போவதும் இங்கேதான். மெகாஹெர்ட்ஸில் உள்ள மெமரியின் பயன்வேகத்தைப் பஸ் அகலத்தால் பெருக்கி 8000-ஆல் வகுத்தால், ஒரு நொடிக்கு எத்தனை ஜிபி தகவல் போய்வரும் என்று தெரிந்துவிடும். கிளாக் வேகத்தில் ஐந்தோ ஆறோ சதவீதம் குறைந்தால் கண்ணுக்கே தெரியாது. மெமரியின் வேகம் குறைந்தால் கண்கூடாகத் தெரியும்.

ஜிடி 1030-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் வந்தபோது ஜிடிடிஆர்5 மெமரி, 64 பிட் பஸ், நொடிக்கு 48 ஜிபி. அடுத்த வருடம் அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு இன்னொன்று வந்தது. அதில் நொடிக்கு 16.8 ஜிபிதான். பூஸ்ட் கிளாக், அதாவது வேலையின்போது ஏறும் வேகம், 1468 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1379 ஆனது, அதாவது ஆறு சதவீத இறக்கம். மெமரியிலோ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. பல விளையாட்டுகளில் புதியது பழையதில் ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் ஓடியது. இது ஓஇஎம் விவகாரம்கூட இல்லை, இரண்டுமே டப்பாவில் விற்றவை. டப்பாவும் காப்பாற்றாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தலைகீழான உதாரணமும் இருக்கிறது. ஜிடிஎக்ஸ் 1650 முதலில் ஜிடிடிஆர்5 மெமரியோடு 2019-இல் வந்தபோது பூஸ்ட் 1665 மெகாஹெர்ட்ஸ், மெமரி நொடிக்கு 128 ஜிபி. 2020-இல் ஜிடிடிஆர்6 மெமரியோடு வந்ததில் பூஸ்ட் 1590-ஆகக் குறைந்தது, மெமரி 192 ஜிபி-ஆகக் கூடியது. இரண்டிலும் கோர்கள் 896-தான். பெரும்பாலான வேலைகளில் கிளாக் குறைந்த இந்தப் பின்னதுதான் முந்துகிறது. கடையில் இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் ஜிடிடிஆர்6-ஐ எடுத்துக்கொண்டு வாருங்கள்.

கார்டைக் கடையிலேயே ஓடவிட்டுப் பாருங்கள். ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருள் இலவசம். ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள். கார்டை ஒரு சிஸ்டத்தில் மாட்டச் சொல்லி அதைத் திறந்தால் சிப்பின் பெயர், கோர் எண்ணிக்கை, மெமரி வகை, பஸ் அகலம், தொழிற்சாலை வைத்த கிளாக் எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். அதே பெயருள்ள ரீட்டெய்ல் கார்டின் விவரத்தைச் செல்போனில் என்விடியா அல்லது ஏஎம்டி இணையதளத்தில் திறந்து, அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை. அதற்குக் கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

பார்க்கும்போது இரண்டு இடங்களில் குழப்பம் வரும். கார்டு சும்மா இருக்கும்போது கிளாக்கைத் தானே இறக்கிக்கொள்ளும். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகள் வேலையில்லாதபோது 139 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டுவது சகஜம். அதைப் பார்த்து ‘கார்டு போச்சு’ என்று பதறக் கூடாது. பஸ் விவரத்துக்குப் பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தினால் ஒரு சிறு சோதனை ஓடும், அப்போது கிளாக் ஏறுவதைப் பார்க்கலாம். அடுத்த குழப்பம் மெமரி கிளாக்கில். டப்பாவில் 8000 என்று போட்டிருக்கும் ஜிடிஎக்ஸ் 1060-ஐ ஜிபியு-இசட் 2002 என்று காட்டும், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள் 4004 என்று காட்டும். மூன்றும் ஒரே வேகத்தைத்தான் சொல்கின்றன. பயன்வேகம் தெரிய, ஜிபியு-இசட் காட்டுவதை ஜிடிடிஆர்5 என்றால் நான்கால் பெருக்குங்கள், ஜிடிடிஆர்6 என்றால் எட்டால், டிடிஆர்3, டிடிஆர்4 என்றால் இரண்டால்.

முடிந்தால் பதினைந்து நிமிடம் கனமான சோதனை ஒன்றையும் ஓடவிடுங்கள். முதல் நிமிடத்தில் 1700 காட்டிப் பத்தாம் நிமிடத்தில் 1400-க்கு இறங்கும் கார்டில் ஃபேனோ தெர்மல் பேஸ்ட்டோ கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

உங்கள் வேலைக்கு எது தேவை என்று முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீடியோ எடிட் செய்பவருக்குக் கிளாக் வேகத்தை விட என்கோடர் முக்கியம். முடித்த வீடியோவை வெளியே எடுக்கும் வேலையைக் கார்டே செய்தால் மணிக்கணக்கில் நேரம் மிச்சம். ஜிடி 1030-இல் அந்த என்கோடர் கிடையாது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் கிடையாது. ஆர்எக்ஸ் 6400 என்பது 2022 ஜனவரியில் முதலில் ஓஇஎம் கார்டாக மட்டும் அறிவிக்கப்பட்டு, சில மாதம் கழித்துத் தனியாகக் கடைக்கு வந்தது. கம்பெனி சிஸ்டங்களிலிருந்து கழற்றியவை இன்னும் நிறைய வரும். அதில் போர்டோடு தகவல் பரிமாறும் பிசிஐஇ லேன்களும் நான்குதான், பழைய போர்டில் மாட்டினால் அந்த வகையிலும் வேகம் குறையும். படம் பார்க்க, ஆபீஸ் வேலைக்கு நல்ல கார்டு. ஸ்டுடியோக்காரர்கள் அதை எடுக்க வேண்டாம்.

பட்டறை டிசைன் வேலைக்கு நிலைமை வேறு. டெல் பிரிசிஷன், ஹெச்பி இசட் வரிசை சிஸ்டங்களிலிருந்து கழற்றிய, டிசைன் வேலைக்கென்றே வரும் குவாட்ரோ கார்டுகள் கிடைக்கும். இவற்றைப் பெரும்பாலும் என்விடியா தந்த ஒரே வடிவமைப்பில்தான் செய்கிறார்கள், அதனால் டப்பாவில் வந்ததற்கும் கழற்றியதற்கும் கிளாக்கில் வேறுபாடு இருப்பது அபூர்வம். சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருளின் அங்கீகாரப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டால், ஓஇஎம் கார்டை நான் மனதார வாங்கச் சொல்லும் இடம் இதுதான்.

எஸ்எம்பிஎஸ்ஸில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பழைய டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010-இல் சிறிய கேபினெட்டுக்கு 240 வாட், டவருக்கு 275 வாட்தான். அடுத்து வந்த 9020 வரிசையில் மதர்போர்டுக்குப் போகும் பவர் கனெக்டரே வழக்கமான 24 பின் கிடையாது, 8 பின். வெளியில் விற்கும் எஸ்எம்பிஎஸ்ஸை அப்படியே மாட்ட முடியாது. இப்படிப்பட்ட சிஸ்டத்துக்குத் தனி பவர் கேபிள் கேட்காத, ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுதான் சரி. சிறிய கேபினெட் என்றால் குட்டை பிராக்கெட்டும் கூடவே வருகிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல் கார்டை வாங்கிக்கொண்டு கிணத்துக்கடவுக்கு பஸ் ஏறிவிட்டால், அந்தத் தகரத் துண்டுக்காகவே மறுபடி கோவை போக வேண்டியிருக்கும்.

தூசியையும் சூட்டையும் கணக்கில் எடுங்கள். 2012-இல் ஜிடிஎக்ஸ் 680 வந்ததிலிருந்து என்விடியா கார்டுகளில் கிளாக் வேகம் நிலையான எண்ணாக இருப்பதில்லை. சூடும் மின்சாரமும் அனுமதிக்கும் வரை ஏறும், சூடு கூடினால் சிறு சிறு படிகளாக இறங்கும். ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் வழக்கமான வெப்ப வரம்பு 83 டிகிரி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் நம் பக்கம் மண் தூசி வீட்டுக்குள் எப்படி வந்து படிகிறது என்று எல்லோருக்கும் தெரியும். தென்னை நார் மில் அருகில் இருந்தால் நார்த்தூசியும் சேரும். ஒற்றைச் சின்ன ஃபேன் வைத்த ஓஇஎம் கார்டின் அலுமினிய இடுக்குகளில் அது அடைத்துக்கொண்டால், டப்பாவில் போட்ட பூஸ்ட் எண்ணை அந்தக் கார்டு எட்டவே எட்டாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோயரால் ஊதிவிடுங்கள், ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் கார்டு தவித்தால் ஆஃப்டர்பர்னரில் பவர் வரம்பை 85 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடும் சத்தமும் நன்றாகவே குறையும். ஓஇஎம் கார்டுகள் சிலவற்றில் அந்த வரம்பு பூட்டப்பட்டிருக்கும், நகராது.

செய்யக்கூடாதவை

ஓஇஎம் கார்டில் ரீட்டெய்ல் பயாஸை ஏற்றாதீர்கள். ‘பயாஸை மாத்திட்டா அதே ஸ்பீடு வந்துரும்’ என்று கல்லூரிப் பிள்ளைகளிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். பயாஸ் என்பது கிளாக் எண்ணை மட்டும் வைத்திருக்கும் பெட்டி கிடையாது. எவ்வளவு வோல்டேஜ், ஃபேன் எப்போது சுழல வேண்டும், எந்தக் கம்பெனி மெமரி சிப்பை எந்த ஒழுங்கில் இயக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சாம்சங் மெமரிக்கு எழுதிய பயாஸை மைக்ரான் மெமரி உள்ள கார்டில் ஏற்றினால் திரையில் கோடுகள் வரலாம், திரையே வராமலும் போகலாம். ஓஇஎம் போர்டில் மின்சாரத்தைச் சீர்செய்யும் பாகங்களும் ஹீட்சிங்கும் குறைந்த வேகத்துக்கு ஏற்றபடிதான் வைக்கப்பட்டிருக்கும். கோர்கள் குறைவான கார்டில் கோரைக் கூட்டவும் பயாஸால் ஆகாது. வேகம் கொஞ்சம் கூட வேண்டும் என்றால் ஆஃப்டர்பர்னரில் 25, 50 மெகாஹெர்ட்ஸாக ஏற்றிச் சோதியுங்கள். தாங்கவில்லை என்றால் அழித்துவிட்டுப் பழைய நிலைக்கு வந்துவிடலாம்.

சாட்டா கேபிளிலிருந்து 6 பின் பவர் எடுக்கும் அடாப்டரை மாட்டாதீர்கள். இதை இரண்டு முறை சொல்லவும் தயார். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மொத்தம் 54 வாட். 6 பின் கனெக்டரிலிருந்து கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். மிச்சம் 21 வாட்டை அந்த மெல்லிய பின்கள் சூடாகித்தான் சுமக்க வேண்டும். பிளாஸ்டிக் உருகும், தீப்பிடித்ததும் உண்டு. கல்யாண சீசனில் ராத்திரி முழுக்க ரெண்டரிங் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் இந்த அடாப்டர் இருக்கும் சிஸ்டத்தை அப்படி விட்டுப் போகவே கூடாது.

ஜிபி எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 3060 என்ற பெயரில் 2021-இல் வந்தது 12 ஜிபி, 192 பிட் பஸ், நொடிக்கு 360 ஜிபி. 2022 கடைசியில் அதே பெயரில் வந்தது 8 ஜிபி, 128 பிட், 240 ஜிபி. கோர்கள் இரண்டிலும் 3584, பூஸ்ட் கிளாக் இரண்டிலும் 1777. கிளாக்கை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஆர்டிஎக்ஸ் 3050-இல் வேறுபாடு இன்னும் பெரியது. 8 ஜிபி கார்டில் 2560 கோர், 1777 மெகாஹெர்ட்ஸ், 130 வாட். 2024-இல் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர், 1470 மெகாஹெர்ட்ஸ், 70 வாட். ‘ரெண்டு ஜிபிதானுங்க கம்மி’ என்று யாராவது சொன்னால் இந்த எண்களை எடுத்துக் காட்டுங்கள். பழைய ஆபீஸ் சிஸ்டத்துக்கு அந்த 70 வாட் கார்டு அருமையாகப் பொருந்தும் என்பதும் உண்மை. அதன் விலையைக் கொடுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். கிணத்துக்கடவு மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டியை மேல்வரிசையை மட்டும் பார்த்து விலை பேசுகிறவர் யாரும் இல்லை. கார்டுக்கும் அதே கவனம் வேண்டும்.

‘ஓசி எடிஷன்’ என்ற எழுத்துக்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். தொழிற்சாலையில் 30, 45 மெகாஹெர்ட்ஸ் கூட்டி விற்பது 1700-இல் இரண்டு மூன்று சதவீதம்கூட ஆகாது. அந்தப் பணத்துக்கு ராமைக் கூட்டினாலும் நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டாலும் பலன் கையில் தெரியும்.

என்விடியா எண்ணையும் ஏஎம்டி எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். 2019-இல் ஆர்எக்ஸ் 5700 வரிசையோடு ஏஎம்டி ‘கேம் கிளாக்’ என்று ஒன்றைச் சேர்த்தது. அவர்களது பூஸ்ட் என்பது எட்டக்கூடிய உச்சம், கேம் கிளாக் என்பது விளையாடும்போது எதிர்பார்க்கக்கூடிய வேகம். என்விடியாவின் பூஸ்ட்டோ சாதாரண வேலையில் கிடைக்கும் சராசரி, நல்ல காற்றோட்டம் இருந்தால் அதையும் தாண்டும்.

விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் அவசரப்படாதீர்கள். ஓஇஎம் கார்டு வேறு, போலிக் கார்டு வேறு. 2010, 2011-இல் வந்த ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ சிப்புகளில் பயாஸை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டவைத்து விற்றார்கள். விண்டோஸும் அப்படியே நம்பிக் காட்டும். 2018-இல் ஜிபியு-இசட்டில் இதைக் கண்டுபிடிக்கும் வசதி வந்தது, போலி என்றால் பெயருக்கு முன்னாலேயே ‘ஃபேக்’ என்று எழுதிவிடும். அதே வருடம் சீனச் சந்தைக்கு வந்த ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி போலி இல்லை, ஆனால் பெயரில்தான் 580. உள்ளே 570-இன் 2048 கோர்கள், உண்மையான 580-இல் 2304. பி106-100 என்ற கார்டு ஜிடிஎக்ஸ் 1060-இன் அதே 1280 கோர்களோடு கிரிப்டோ மைனிங்குக்காக வந்தது, மானிட்டர் இணைக்க ஒரு போர்ட்கூட அதில் இருக்காது. யாரோ அனுப்பிய போட்டோவை மட்டும் பார்த்து முன்பணத்தை ஜிபேயில் போட்டுவிடுவது எந்தக் கார்டுக்கும் கூடாது.

கழற்றிய கார்டுக்குக் கம்பெனி வாரண்டி உண்டு என்று நம்பாதீர்கள். ஓஇஎம் கார்டின் வாரண்டி அது பிறந்த சிஸ்டத்தோடு ஒட்டியது. சிஸ்டத்தைப் பிரித்துவிட்டால் தனிக் கார்டுக்கு டெல்லோ ஹெச்பியோ பொறுப்பேற்காது. கடைக்காரர் தன் பொறுப்பில் ஒரு மாதமோ மூன்று மாதமோ தருகிறார் என்றால் அதுதான் உங்கள் வாரண்டி, அதையும் வாயால் சொன்னால் போதாது. ரீட்டெய்ல் கார்டின் கம்பெனி வாரண்டிக்குச் சீரியல் எண், பில் இரண்டும் வேண்டும்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். ‘பில் வேண்டாம்னா 18 பர்சன்ட் குறைச்சுக்கலாங்க’ என்பது ஆசை காட்டும் பேச்சு. அந்த 18 சதவீத ஜிஎஸ்டியோடு உங்கள் பிடியும் போய்விடும். பில்லில் வெறும் ‘கிராபிக்ஸ் கார்டு – 1’ என்று எழுத விடாதீர்கள். மாடல், மெமரி எத்தனை ஜிபி, எந்த வகை, சீரியல் எண், புதியதா பழையதா, கடை தரும் வாரண்டி எத்தனை மாதம் என்று எழுதச் சொல்லுங்கள்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பழைய பொருளைப் புதியது என்று சொல்லி விற்பதும், பில் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக முறை என்றே எழுதப்பட்டிருக்கிறது. வியாபாரத்துக்காக வாங்கினால் நுகர்வோர் ஆக மாட்டார் என்று யாராவது ஸ்டுடியோக்காரரைப் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். தன் பிழைப்புக்காகச் சொந்தத் தொழில் செய்பவர் வாங்கிய பொருளுக்குச் சட்டம் இடம் தருகிறது. கார்டை சென்னை ரிச்சி தெருவில் வாங்கியிருந்தாலும், கிணத்துக்கடவில் குடியிருப்பவர் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, காலக்கெடு இரண்டு வருடம். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். கையில் பில்லும், கடையில் எடுத்த ஜிபியு-இசட் பக்கத்தின் போட்டோவும், கார்டின் சீரியல் எண் தெரியும் இன்னொரு போட்டோவும் இருக்கட்டும்.